ரகுவுக்கு, பதின்மூன்றாவது சீசனைப் பற்றி

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. இங்கே வேலை மிகுதி என்பது உண்மைதான். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரிக்குத் தக்க பதில் இல்லாமல் வெறும் நலம் விசாரித்து எழுத மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார். பட்டாளத்தார் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. உனக்கும் பத்திரிகை வரும். இந்த முறையும் விடுப்புக் கிடைக்கவில்லை என்ற பழைய பல்லவியைப் பாடினால் அவர் உன்னை மன்னிக்கப் போவதில்லை, நானும்தான்.

இனி அந்த வரி. "எல்லோரையும் கேலி செய்தே பிழைத்த ஒரு தொடர், திடீரென்று ஒருநாள் நம் கண்ணீரைக் கேட்டு வந்து நிற்க அதற்கு உரிமை கிடையாது" என்று எழுதியிருந்தாய். 'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் 13ஆவது சீசனில் கடைசியாக வரும் நடனத்தை மட்டும் யாரோ உனக்கு அனுப்ப, அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நீ வழங்கிய தீர்ப்பு அது. வேறு யார் இப்படிச் சொல்லியிருந்தாலும் கடந்துபோயிருப்பேன். பேடிஸ் பப் என்ற மதுக்கூடத்தை நடத்தும் டெனிஸ், டீ, மேக், சார்லி, ஃபிராங்க் என்ற அந்த ஐந்து அயோக்கியர்களையும் எனக்கு அறிமுகப்படுத்தியவன் நீ. அவர்கள் வாழும் ஊரிலேயே இப்போது வாழ்பவனும் நீ. அந்த உரிமை அதற்கு எப்படி வந்தது என்று உனக்கு எடுத்துச் சொல்வதற்காகவே, முழு சீசனையும் முதலிலிருந்து மீண்டும் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் உன் கோபம். 2017 மார்ச்சில் 12ஆவது சீசன் முடிந்தபோது, டெனிஸ் தன் குழந்தையை வளர்ப்பதற்காக வடக்கு டகோட்டாவுக்குக் கிளம்பிப் போனான்; டெனிஸாக நடிக்கும் கிளென் ஹவர்ட்டன் வேறொரு தொடரில் நடிக்கப் போயிருந்தார். டெனிஸ் இல்லாத பேடிஸ் பப்பில் உனக்கு வேலையில்லை என்று அன்று அறிவித்துவிட்டுப் போன நீ, இன்றுவரை தொடரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் 2018 செப்டம்பர் 5 அன்று வெளியான 13ஆவது சீசனின் முதல் எபிசோடே உன் கேள்வியைத்தான் கையில் எடுக்கிறது. டெனிஸின் இடத்தில் சிண்டி என்றொரு பெண் வந்திருக்கிறாள். மிண்டி கேலிங் நடித்திருக்கிறார். அவள் போடும் திட்டங்கள் பலிக்கின்றன, மதுக்கூடத்துக்குப் பணம் வருகிறது, ஒருவரையொருவர் குதறிக்கொள்ளாமல் இவர்கள் ஒன்றாக வேலைகூடப் பார்க்கிறார்கள். அத்தனை நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது டெனிஸ் திரும்பி வருகிறான். தங்களைச் செழிக்க வைத்தவளா, சீரழிப்பவனா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் டெனிஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த இடத்தை நீ கவனிக்க வேண்டும், ரகு. 2005இல் வெறும் ஏழு எபிசோடுகளோடு தொடங்கிய நாளிலிருந்து இவர்கள் பணத்துக்காகத்தான் அத்தனை அயோக்கியத்தனங்களையும் செய்கிறார்கள் என்று நாம் நம்பி வந்தோம். 2008இல் பெட்ரோல் விலை ஏறியபோது அதை வாங்கி வீடு வீடாக விற்கப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு வீட்டுக்கடன் நெருக்கடியில் ஊரார் வீடிழந்து நின்றபோது அதிலும் லாபம் தேடினார்கள். அப்படிப்பட்டவர்கள், பணம் உண்மையிலேயே கைக்கு வந்தபோது அதை வேண்டாம் என்று தள்ளுகிறார்கள். தங்கள் அசிங்கங்களை முழுவதும் அறிந்த ஒருவன் பக்கத்தில் இருப்பதுதான் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. சீசன் எங்கே போய் முடியப்போகிறது என்பதற்கான விதையை அந்த முதல் எபிசோடிலேயே நான் பார்க்கிறேன்.

நடுவில் வரும் எபிசோடுகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். கழிவறையை யார் பயன்படுத்துவது என்று மாலை முழுவதும் விவாதிக்கும் எபிசோடு எனக்குச் சற்று நீண்டுவிட்டதாகத் தோன்றியது. டீயின் வீட்டையே பூட்டி விளையாடும் புதிர்விளையாட்டு எபிசோடு அதற்கு நேர்மாறு. ஒரே வீட்டுக்குள் அத்தனை அதிகாரச் சண்டையும் துரோகமும் நடக்கிறது. பத்தாவது சீசனில் ஆண்கள் விமானத்தில் பீர் குடித்துச் சாதனை படைக்கப் போனதை டீ பெண்களைக் கூட்டிக்கொண்டு திரும்பச் செய்கிறாள். டீயாக நடிக்கும் கெய்ட்லின் ஓல்சனுக்கு இத்தனை ஆண்டுகளாகத் தர வேண்டியிருந்த மேடையைத் தாமதமாகவேனும் தந்தார்களே என்று நான் மகிழ்ந்தேன்.

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைப் பற்றிய இரண்டு எபிசோடுகளை நீ பார்க்கவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. 2018 பிப்ரவரி 4 அன்று மினியாபொலிஸில் உங்கள் ஊர் ஈகிள்ஸ் அணி பேட்ரியட்ஸை 41-33 என்று வென்று முதன்முறையாக அந்தக் கோப்பையைக் கொண்டுவந்த இரவில், பிராட் தெருவில் நின்றுகொண்டு நீ எனக்குத் தொலைபேசியில் பேசினாய். கம்பங்களில் போலீசார் எண்ணெய் பூசியும் ஜனங்கள் ஏறுகிறார்கள் என்று கத்தினாய். பின்னணியில் கேட்ட கூச்சலில் பாதிதான் எனக்கு விளங்கியது. அந்த இரவைத்தான் இவர்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். மற்றவர்கள் ஆட்டம் பார்க்க மினசோட்டாவுக்குப் போய்விட, சார்லி மட்டும் மதுக்கூடத்தில் தனியாக விடப்படுகிறான். தான் வைத்த பொறிகளில் தானே சிக்கி, உடம்பெல்லாம் காயத்தோடு, தான் செய்யும் சடங்குகளால்தான் அணி வெல்கிறது என்று அவன் உறுதியாக நம்புகிறான். அந்த நம்பிக்கையைத் தொடர் ஏளனம் செய்யவில்லை என்பதே என் எண்ணம். தொடரை உருவாக்கி மேக்காகவும் நடிக்கும் ராப் மெக்எல்ஹென்னி ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்தவர்; அந்த ஊரின் பித்தை உள்ளிருந்து அறிந்தவர். சார்லி டே அந்தத் தனிமையை நடித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த இரவில் பிராட் தெருவில் நின்ற உனக்கு நெஞ்சு நிறையும்.

இப்போது நவம்பர் 7 அன்று வெளியான கடைசி எபிசோடுக்கு வருகிறேன். அதில் நீ பார்த்தது வெறும் வால்பகுதி. எபிசோடு தொடங்குவதே வழக்கமான ஒரு வியாபாரத் தந்திரத்தில்தான். தன்பாலின ஈர்ப்பாளர்களின் ஊர்வலத்தில் பேடிஸ் பப் ஒரு வண்டி விடுகிறது. அந்தச் சமூகத்தின் வாடிக்கை கிடைக்க வேண்டுமென்றால் மேக் அந்த வண்டியில் நின்று ஆட வேண்டும் என்று ஃபிராங்க் அவனைத் தேடிப் போகிறான். மேக்குக்கு ஆடப் பிடிக்கவில்லை. தான் தன்பாலின ஈர்ப்பாளன் என்று வெளிப்படையாகச் சொல்லியாயிற்று, ஆனால் தான் எங்கே பொருந்துகிறோம் என்று தெரியவில்லை என்கிறான். ஃபிராங்க் அவனை ஏதேதோ விடுதிகளுக்கு இழுத்துக்கொண்டு திரிகிறான். எபிசோடு முழுவதும் ஃபிராங்கின் மூக்கு உடைந்து இரத்தம் வடிந்துகொண்டே இருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் அதில் அடைத்துக்கொள்கிறான். கடைசியில் அடைத்து வைத்தால் ஆறாது, வடியவிட்டால்தான் ஆறும் என்று அவனுக்கே உறைக்கிறது. சிறையில் இருக்கும் உன் தந்தையிடம் போய்ச் சொல்லிவிடு என்று மேக்கிடம் சொல்கிறான்.

அந்தத் தந்தையை உனக்கு நினைவிருக்கும். மூன்றாவது, நான்காவது சீசன்களில் அவர் விடுதலையாகி வந்தபோது, தங்களைக் கொன்றுவிடுவார் என்று பயந்து மேக்கும் சார்லியும் செத்துப்போனதாகவே நாடகமாடினார்கள். விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தனை பயத்துக்கு நடுவிலும் அந்த மனிதர் ஒருமுறையாவது தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏக்கம் மேக்கிடம் இருந்துகொண்டே இருந்தது. நாம் அதையும் சேர்த்துத்தான் சிரித்துத் தள்ளினோம். 13ஆவது சீசனில் சிறைக்குப் போய் மேக் சொல்ல வாயெடுக்கும்போது, பேரக்குழந்தை வரப்போகிறது என்று அவர் தவறாக எண்ணிக்கொண்டு மகிழ்கிறார். அவன் வாயடைத்துத் திரும்பிவிடுகிறான். அதன் பிறகுதான் அந்த நடனம். கைதிகள் நிறைந்த அரங்கம், மேடையில் மழை, சிகுர் ரோஸ் என்ற ஐஸ்லாந்து இசைக்குழுவின் இசை, கைலி ஷியா என்ற பாலே கலைஞர். கடவுள் ஒரு பெண்ணாக வந்து தன்னைத் தூக்கி நிறுத்தித் தன்னோடு ஆடுவதாக மேக் முன்பு ஃபிராங்கிடம் உளறியதுபோல் சொன்னது அப்படியே நம் கண்முன் நடக்கிறது. தந்தை பாதியில் எழுந்து போய்விடுகிறார். நடுவில் எழுந்து போகும் அப்பாக்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ரகு. சேலத்து மேடையில் நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் போன பிறகும் மேக் ஆடி முடிக்கிறான். நின்று பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க், கண் கலங்கி, தனக்குப் புரிந்துவிட்டது என்று மெல்லச் சொல்கிறான். 2006இல் இரண்டாவது சீசனில் டேனி டிவிட்டோ வந்து சேர்ந்ததிலிருந்து அந்தப் பாத்திரம் எதையுமே புரிந்துகொள்ள முயன்றதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விலை வைத்துப் பார்ப்பதே அவன் இயல்பு. ஊர்வல வண்டிக்கு ஓர் ஆள் பிடிக்க வந்தவன், வண்டியை மறந்து நிற்கிறான். அந்த நடனத்தால் மதுக்கூடத்துக்கு ஒரு வாடிக்கையாளர்கூட வரப் போவதில்லை.

உன் வரிக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. நாம் வரிவரியாக மனப்பாடம் செய்த 'நைட்மேன்' நாடகத்தை எண்ணிப் பார். 2008இல் சார்லி ஓர் இசைநாடகத்தையே எழுதி அரங்கேற்றினான். சும்மா ஒருவன் நாடகம் எழுதமாட்டான், இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டார்கள், அவர்கள் சந்தேகமும் சரியாகவே இருந்தது. அத்தனையும் அவன் ஒருதலையாகக் காதலித்த, உணவகத்தில் பரிமாறும் பெண்ணிடம் திருமணம் கேட்பதற்கான ஏற்பாடு. மேக் தன்னைப் பற்றிய உண்மையை 12ஆவது சீசனில் முதன்முதலில் உரக்கச் சொன்னதும் பத்தாயிரம் டாலர் விழுந்த ஒரு சுரண்டல் லாட்டரிச் சீட்டைக் கைப்பற்றுவதற்காகத்தான். சீட்டு கைக்கு வந்த பிறகு சொன்னதைத் திரும்பப் பெற மனமில்லாமல் அப்படியே நிலைத்தான். இவர்கள் கையில் கலையும் கருவி, உண்மையும் கருவி. அந்த வழக்கத்தைப் பதின்மூன்று ஆண்டுகள் பிறழாமல் காட்டிய பிறகு, ஒரே ஒருமுறை, எந்த ஆதாயமும் இல்லாத ஒரு செயலை நம் முன் வைக்கிறார்கள். நல்லவர்களைப் பற்றிய தொடர் ஒன்றில் இதே நடனம் வந்திருந்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து போயிருப்போம். இங்கே அது உலுக்குவதற்கு, அதற்கு முன்னால் வந்த அத்தனை கேலியும் காரணம். நீ அந்தக் கேலிகளையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்தாய்; பந்தியில் உட்காராமல் பாயசத்தை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டு விருந்தைக் குறை சொல்வது என்ன நியாயம்?

மெக்எல்ஹென்னியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் ஏழாவது சீசனுக்காக ஏறத்தாழ 27 கிலோ எடை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர்; அது முழுக்கச் சிரிப்புக்காகச் செய்தது. 13ஆவது சீசனுக்கு அதே உடம்பைச் செதுக்கி எடுத்துக்கொண்டு வருகிறார். தன் தாயும் சகோதரர்கள் இருவரும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தொழில்முறை நடனக்காரர் அல்லாத ஒருவர், அத்தகைய வீட்டிலிருந்து வந்தவர், சார்லி டேயோடு சேர்ந்து எழுதி, பல மாதங்கள் பயிற்சி செய்து அந்த மேடையில் ஏறியிருக்கிறார். கடைசி நொடியில் ஒரு நகைச்சுவையைச் சேர்த்து நம்மைக் காப்பாற்றியிருக்கலாம். சேர்க்கவில்லை. அந்தத் துணிச்சலுக்காகவே நான் அவருக்கு நன்றி சொல்வேன்.

இன்னொன்றையும் கேள். அதற்குப் பிறகு தொடர் திருந்திவிடவில்லை. 14ஆவது சீசனில் அதே மதுக்கூடம், அதே புரட்டு. 2021இல் 15ஆவது சீசனோடு, பதினான்கு சீசன்கள் ஓடிய 'ஆஸி அண்ட் ஹாரியட்'டைத் தாண்டி, நடிகர்கள் நடிக்கும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் மிக நீண்டது என்ற பெயரையும் பெற்றது. 2025இல் 17ஆவது சீசனும் வந்தாயிற்று. மேக் இன்னமும் தன்னைப் பற்றி அளந்துகொண்டுதான் இருக்கிறான். ஒரு நடனம் மனிதரை மாற்றிவிடும் என்று அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே இப்படிச் செய். நான்காவது சீசனில் மேக்கும் சார்லியும் சாகும் இரண்டு பாகங்களையும் 'நைட்மேன்' நாடகத்தையும் மறுபடி பார். பிறகு 12ஆவது சீசனில் அந்த லாட்டரிச் சீட்டு எபிசோடு. பிறகு 13ஆவது சீசனின் பத்து எபிசோடுகளையும் வரிசையாகப் பார். டெனிஸ் சில எபிசோடுகளில் இருக்கமாட்டான். அதற்காகத் தாண்டிப் போய்விடாதே. கைப்பேசியில் பார்க்காதே. இத்தனைக்கும் பிறகு உன் தீர்ப்பு மாறவில்லை என்றால், காரணங்களோடு நீளமாக எழுது. நான் இந்த வாதத்தை விடுவதாக இல்லை. பட்டாளத்தாருக்கு வருகிறேன் என்று ஒரு வரி தனியாக எழுதிவிடு, அவர் காத்திருக்கிறார்.

அன்புடன்,
மகேந்திரன்