வரிகள் மட்டுமே ஆல்பம் ஆகிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ (1973) ஆல்பத்தையும், அதன் பாடல் வரிகள் அனைத்தையும் எழுதிய, அக்குழுவின் முன்னாள் உறுப்பினரான ரோஜர் வாட்டர்ஸ் 2023இல் அதையே மீண்டும் தனியாகப் பதிவுசெய்து வெளியிட்ட ‘ரிடக்ஸ்’ வடிவத்தையும் ஒப்பிட்டுத் தங்கள் இதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மரின் தனிவாசிப்புகள் நீங்கியதால் வரிகளின் பொருள் இப்போதுதான் துலங்குகிறது என்று விமர்சகர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூல ஆல்பத்தில் மரணத்துக்கு உரிய பகுதி ‘தி கிரேட் கிக் இன் த ஸ்கை’. குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட்டின் பியானோ தொடங்கிவைக்க, பாடகி கிளேர் டாரி ஒரு சொல்கூட இல்லாமல் வெறும் குரலால் கதறி, தணிந்து, மெல்ல ஓய்ந்துபோகிறார். ரிடக்ஸில் அதே இடத்தில், தம் நண்பரான கவிஞர் டொனால்ட் ஹாலின் இறுதி நாட்களைப் பற்றிய கடிதங்களை வாட்டர்ஸ் வாசிக்கிறார். அவை நெகிழவைப்பவைதாம், ஆனாலும் அங்கே நாம் கேட்பது யாரோ ஒருவருடைய சாவு. டாரியைக் கேட்கும்போதோ அவரவர் வீட்டுச் சாவு நினைவுக்கு வருகிறது. ஒப்பாரியில் சொற்கள் தீர்ந்து ஓலம் மட்டும் எஞ்சும் கணத்தை அறிந்த நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? அன்று டாரிக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. வழக்குத் தொடுத்து, 2005இல் உடன்பாடு ஏற்பட்ட பிறகே அப்பாடலின் இசையமைப்பாளராக ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது. தங்கள் விமர்சனத்தில் இவ்விருவர் பெயரும் ஓரிடத்தில்கூட இல்லை.

‘டைம்’ பாடலைப் பொறுத்தவரை விமர்சகரோடு பாதி உடன்படுகிறேன். இருபதுகளில் எழுதிய வரிகளை, எண்பதை எட்டிய மனிதர் கரகரத்த குரலில் சொல்லும்போது அவற்றுக்குப் புதிய கனம் கூடுகிறது என்பது உண்மை. எனினும் காலம் கைநழுவிப் போனதை உணர்ந்தவனின் ஆத்திரம் முழுவதும் கில்மரின் வாசிப்பில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அறிவுரை. ஆல்பம் சொல்லவந்த கருத்து பலருக்குப் போய்ச் சேரவில்லை என்பது மறுபதிவுக்கு வாட்டர்ஸ் கூறிய காரணம். வரிகள் அவருடையவை என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்தக் கருத்தைக் கேட்பவரிடம் கொண்டுசேர்த்ததில் குழுவின் மற்ற மூவருக்கும் டாரிக்கும் இருந்த பங்கை அவர் குறைத்து மதிப்பிடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி இத்தகைய மறுபதிவுகளைப் பற்றி எழுதும்போது, மூலத்தில் வாசித்தவர்கள், பாடியவர்கள் பெயர்களையும் அவர்கள் செய்தது இன்னதென்பதையும் விமர்சனத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி