காருகுறிச்சி தாண்டிய கதைக்கு ஒரு நன்றி

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெரு அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும், ஆட்டோ தம்பிக்கும் வணக்கம்.

போன மாதம் என் முனைவர் பட்ட ஆய்வேடு ஒருவழியாகத் தேறிவிட்டது. அதன் முன்பக்கத்தில் நன்றி சொல்ல ஓர் இடம் உண்டு. வழிகாட்டி, ஆய்வக நண்பர்கள், உதவித்தொகை தந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் அங்கே வந்துவிட்டார்கள். உங்களுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னால் பெரியம்மா என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் இது தனியாக.

பெங்களூரில் என்னதான் படிக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “எலி மூளையை எண்ணுறேன்” என்றே சொல்லி வந்தேன். அது பொய்யில்லை. மூளையை 40 மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஆறு சீவலுக்கு ஒன்றாக எடுத்து, சாயம் ஏற்றி, புதிதாகப் பிறந்த நரம்பு செல்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு நாள் தும்மினால் ஒரு சீவல் போச்சு. நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸ் பகுதியில், வளர்ந்த எலிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து புது நரம்பு செல்கள் வருகின்றன. 1960களிலேயே ஜோசப் ஆல்ட்மேன் என்ற விஞ்ஞானி இதைச் சொன்னார். 1965 கட்டுரையில் அவரோடு கோபால் தாஸும் சேர்ந்துகொண்டார். பல வருஷம் யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

மூன்றாம் வருஷத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலது கை விழுந்தது, பேச்சும் போனது. முப்பது வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் ஊர்ப்பேர் கூவிய மனிதர் “தண்ணி” என்று கேட்க வாய் வராமல் அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், ஆறு மாதத்துக்கு மேல் மூளையில் எதுவும் மாறாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், அவ்வளவுதான். அப்புறமும் மெதுவாகத் தேறலாம். ஆனால் அன்று வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரியம்மா கேட்டதுதான் என்னைக் குடைந்தது. “ஏட்டி, எலிக்கு முளைக்கது உங்கப்பாவுக்கு முளைக்காதா?”

அன்று மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், பெரியம்மா. மனிதருக்கும் புது நரம்பு செல் பிறக்கிறது என்று 1998-இல் எரிக்சன், கேஜ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ஓர் அடையாள மருந்து ஏற்றப்பட்டவர்கள் இறந்த பிறகு, அவர்களின் மூளையில் பார்த்துச் சொன்னது அது. 2018-இல் ஒரு குழு, பெரியவர்கள் மூளையில் தேடியும் அப்படி எதுவும் தென்படவில்லை என்றது. அதே வருஷம் இன்னொரு குழு, இருக்கிறது என்றது. சண்டை அத்தோடு ஓயவில்லை. எது எப்படியானாலும், அப்பாவுக்குச் செத்துப்போன இடம் வேறு. அங்கே அவை போய் நிரப்பித் தரப் போவதில்லை. நாலு வருஷம் நான் எண்ணிய செல்களால் அப்பாவுக்கு ஒரு விரல்கூட அசையவில்லை.

அசைத்தது நீங்கள். பிழைத்திருக்கும் செல்கள் தங்களுக்குள் புதுத் தொடர்பு போட்டு, போன வேலையில் கொஞ்சத்தை எடுத்துச் செய்யும். அதற்குத் தீனி, திரும்பத் திரும்பச் செய்வதுதான். டீக்கடை அண்ணாச்சி அப்பாவின் இடது கைக்கு டம்ளரைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். பாதி டீ வேட்டியில். எனக்கு வந்த கோபத்தில் அவரிடம் கத்தியும்விட்டேன். பிறகு படித்தால், நல்ல கையைக் கட்டிவைத்துவிட்டு விழுந்த கையை வேலை வாங்கும் பயிற்சியை எட்வர்ட் டாப் என்பவர் எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார். மன்னித்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி.

பெரியம்மா அப்பள மாவைக் கிள்ளி உருட்டச் சொன்னார்கள். முதல் வாரம் உருண்டை என்று எதையும் சொல்ல முடியாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உளுந்து மாவு நசுங்கி வழியும். அப்பா அதையே முறைத்துக்கொண்டிருப்பார். தை பிறந்தபோது நெல்லிக்காய் அளவில் ஒன்று உருண்டது. அதை மாடத்தில் வைத்திருந்தோம், எறும்பு தின்றுவிட்டது.

பேச்சு வந்த கதை டிரைவர் அண்ணாச்சியுடையது. பழைய விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு ஒரு ஊது ஊதினார். “பேட்டை” என்றார் அப்பா. எங்களுக்கு மூச்சு நின்றது. “சேரன்மாதேவி.” அப்புறம் காருகுறிச்சியில் நின்றுவிட்டார். வாய் “கா, கா” என்றது. தேடிப்பிடிக்க வேண்டிய வார்த்தை வராதவர்களுக்கும் மனப்பாடமான வரிசை சில நேரம் தானாக வரும். இது எனக்குப் பாடத்தில் தெரிந்ததுதான், விசிலை எடுத்து வரத்தான் தோன்றவில்லை. பதினோரு நாள் பஸ் காருகுறிச்சியிலேயே நின்றது. அண்ணாச்சி பதினோரு நாளும் வந்தார். பன்னிரண்டாம் நாள் வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று பாபநாசம் வரைக்கும் ஒரே ஓட்டம்.

வீட்டுக்கே வந்து போன பிசியோதெரபி தங்கச்சி, கன்னடியன் கால்வாய்க் கரையில் அப்பாவோடு நடந்த பையன்கள், நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ தம்பி, அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த மதினிமார் எல்லாருக்கும் நன்றி. நீங்கள் இல்லையென்றால் நான் ஆய்வகத்துக்குத் திரும்பியிருக்க மாட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன். பெரியம்மா, அப்பா வீணாக்கிய மாவு எத்தனை கிலோ என்று கணக்குச் சொல்லி வையுங்கள். அப்பா இரண்டு கிலோ என்கிறார். நான் நம்பவில்லை.