ஆறாவது விரலின் நகம்

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருக்கிறது உன் பூனைக்குட்டி. "முன்கால் இரண்டிலும் ஆறாறு விரல் இருக்கிறதே அப்பா, வெட்டி எடுத்துவிட வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம்.

பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, ஆக 18 விரல்கள் இருப்பது வழக்கம். உன்னுடையதற்கு 20. 28 விரல்களோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறிய பூனையே இருக்கிறது. கருவில் கால் உருவாகும்போது வேலை செய்யும் ஒரு மரபணுவை இயக்கி நிறுத்தும் பகுதி சற்று மாறிப்போனால் இப்படிப் பிறக்கும். தாய், தந்தை இருவரில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குட்டிகளுக்கும் வரலாம். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில் எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் இன்றும் வளரும் பூனைகளில் ஏறக்குறைய பாதிக்குக் கூடுதல் விரல்தான். அவை மரம் ஏறுகின்றன, மதிலில் தூங்குகின்றன. விரலால் ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை நகத்தில்தான். அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் சாம்பல் பூனைக்கும் ஒரு காலில் ஆறு விரல் இருந்தது. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நீ விடுதிக்குப் போன வருடம் அது ஓயாமல் அந்தக் காலையே நக்கிக்கொண்டிருந்தது. தொட்டால் சீறியது. வயதாகிவிட்டது, கோபம் கூடிவிட்டது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் உன் அம்மா அதை மடியில் அமுக்கிப் பிடித்து முடியை விலக்கிப் பார்த்தாள். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே, இடுக்கில் முளைத்திருந்த நகம் மோதிரம் போல வளைந்து, முனை பாதத்தின் மெத்தைச் சதைக்குள் இறங்கியிருந்தது. சீழ் வாடை வேறு. மருத்துவர் நகத்தை நறுக்கி, உள்ளே புதைந்த துண்டை இடுக்கியால் உருவினார். அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மற்ற நகங்கள் கட்டையில் கீறும்போது மேல்தோல் உரிந்து கூராகிவிடும். இடுக்கு நகம் தரையையும் தொடாது, கட்டையையும் தொடாது. தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். ஆகவே வாரம் ஒரு முறை கையில் எடுத்துப் பார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டு. வயிறு நிறைந்து கண் சொருகும் நேரம்தான் தோது. விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். வெள்ளையாக வளைந்திருக்கும் நுனியை மட்டும் நறுக்கு. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவதில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. ஒரே நாளில் எல்லா நகத்தையும் முடிக்க வேண்டும் என்று நினைக்காதே. இரண்டு நகத்தோடு எழுந்து ஓடினால் ஓடட்டும். இப்போதிருந்தே தினமும் காலைப் பிடித்து விளையாடிப் பழக்கு. பெரிதான பிறகு தொடவே விடாது.

கழிப்பு மணல் விரல் இடுக்கில் கட்டிக்கொள்ளும், அதையும் துடைத்துவிடு. நொண்டினாலோ, வீங்கினாலோ மருத்துவரிடம் போ. நாம் சாப்பிடும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதே. பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு, உயிரே போய்விடும்.

தடுப்பூசிக்குக் கொண்டுபோகும்போது முன்கை எலும்பையும் ஒரு தடவை தடவிப் பார்க்கச் சொல். சில குட்டிகளுக்கு அந்த எலும்பே சரியாக வளராமல் கை குட்டையாக, வளைந்து இருக்கும். அங்கேயும் கூடுதல் விரல் வருவதுண்டு, ஆனால் அது வேறு கோளாறு. படத்தில் உன் குட்டி நேராகத்தான் நிற்கிறது. நகம் தொல்லை என்று மொத்தமாக எடுத்துவிடலாமென யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. அதில் போவது நகம் மட்டுமல்ல, விரலின் கடைசி எலும்பும் சேர்ந்துதான். ஒரு விரல் திரும்பத் திரும்பக் கிழிந்து புண்ணானால் அதை மட்டும் எடுப்பது வேறு விஷயம்.

வலது கால் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. இடது காலின் இடுக்கு முடியில் மறைந்துவிட்டது. முடியை விலக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா