வரைவு எழுதும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்புத் திட்டங்களை வகுக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பராமரிப்புச் சேவை பற்றி அண்மையில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். எந்தக் கூட்டம், யார் நடத்தியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு நிமிடம். என் முறை வந்தபோது மேடையில் இருந்தவர் என் தலைக்கு மேலே பார்த்து, சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த அம்மாவிடம், "பாப்பாவுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கம்மா" என்றார். பாப்பாவுக்கு வயது 38. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பிறகு சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். அந்தச் சேவைக்கான திட்ட வரைவு ஏற்கெனவே அச்சாகி மேசையில் இருந்தது.

என்னிடம் கேட்டிருந்தால் இரவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட எனக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது, விரல்கள் மடங்காது. ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். வலிக்காது என்பதால் வந்ததும் தெரியாது. ஆழமாகிக் கிருமி ஏறினால் உயிரையே வாங்கிவிடும். எனவே இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். செய்வது 67 வயது அம்மா. அலாரம் அடித்ததும் எழுந்து, தோளில் ஒரு கை இடுப்பில் ஒரு கை கொடுத்து இழுப்பார். முட்டிகளுக்கு நடுவே தலையணை செருகி, யூரின் பேக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார். அவருக்கு முட்டி தேய்ந்து ரொம்ப நாளாகிறது.

உங்கள் வரைவில் வீட்டுக்கு வரும் பணியாளரின் நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. மலம் கழிக்கவைத்து, குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் அம்மா பத்து மணிக்குள் முடித்திருப்பார். வருகிறவர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாம். எங்களில் ஒருவர் உடன் உட்கார்ந்திருந்தால் இந்த நேரக் கணக்கு முதல் நாளே அடிபட்டிருக்கும். அதனால்தான் கேட்கிறோம்: வரைவு எழுதும் முன்பே எங்களைக் கூப்பிடுங்கள்.

இது சலுகை இல்லை. சட்டமும் கொள்கையும் வகுக்கும்போது மாற்றுத்திறனாளிகளோடு நெருங்கிக் கலந்து பேச வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு. இந்தியா 2007இலேயே அதை ஏற்றுக்கொண்டது. உள்ளாட்சி மன்றங்களில் எங்களை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் நம் சட்டமன்றமே சட்டத்தைத் திருத்தியது. நல்ல காரியம், நன்றி. தெருவிளக்கைப் பற்றிப் பேச எங்களுக்கு இடம் உண்டு. எங்களை யார், எப்போது தூக்கிக் குளிப்பாட்டுவது என்று முடிவு செய்யும் இடத்தில் மட்டும் கிடையாதா?

பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மடல் முடியாது. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி உண்டு என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு வரும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். யூரின் பேக், டயபர், பஞ்சு வாங்கவே சரியாகப் போகிறது. பக்கத்து ஆந்திராவில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு 2024இலிருந்து 15,000. விரல் மடங்காத என்னிடம் தையல் இயந்திரம் வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 நெருங்கினால் இப்படிக் கருணை பொங்கும். சரி, அது கிடக்கட்டும்.

தயவுசெய்து அச்சான அந்த வரைவை நிறுத்திவையுங்கள். பராமரிப்பில் வாழ்கிறவர்களையும் பராமரிக்கிறவர்களையும் குழுவில் உறுப்பினர்களாகச் சேருங்கள். பார்வையாளர்களாக இல்லை, ஓட்டு உள்ளவர்களாக. பேச்சு வராதவர்கள் எழுதிக் காட்டவும் சைகையில் சொல்லவும் நேரம் கொடுங்கள். கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். காலைப் பத்து மணிக் கூட்டம் என்றால் அம்மா மூன்றரைக்கே எழ வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பராமரிப்பு உதவித்தொகை பெறும் ஒரு பெண்