ஊர் திரும்பும் குடும்பங்களுக்குக் கை கொடுங்கள்

வேலூர் மக்களுக்கு வணக்கம்.

பாலாற்றங்கரை முத்து மண்டபம் தெரியாத வேலூர்க்காரர் குறைவு. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடங்கிய இடம் அது. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த ஆண்டு நம் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டவர், ஊர் திரும்பாமலே 1832-இல் இங்கே கண்ணை மூடினார். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இப்போது நாங்கள் கேட்பது, வேலூர் வட்டாரத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்களுக்காக. 1983-க்குப் பிறகு, சண்டை மூளும் போதெல்லாம் படகேறி வந்தவர்கள் இவர்கள். போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனாலும் ஊர் திரும்புவது டிக்கெட் எடுத்து ஏறிவிடுகிற காரியம் இல்லை.

மேல்மொணவூர் முகாமில் 2021-இல் முதலமைச்சர் அடிக்கல் நாட்டி, 2023-இல் புது வீடுகள் திறக்கப்பட்டன. அங்கே நிம்மதியாக இருக்க நினைப்பவர்களை யாரும் போகச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பெயிண்டிங் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். ஆனால் திரும்பியே ஆக வேண்டும் என்று தாங்களாகவே முடிவெடுத்த 11 குடும்பங்கள் எங்களிடம் பெயர் கொடுத்திருக்கின்றன. அவர்களைப் பத்திரமாக அனுப்பி வைக்கத்தான் இந்தக் குழு. முகாமில் இருப்பவர்களும், வேலூரில் கடை, பள்ளிக்கூடம் என்று இருப்பவர்களுமாகச் சேர்ந்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு பாட்டி அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே காணி உறுதி. நாம் பத்திரம் என்போமே, அதுதான். மடித்த இடமெல்லாம் பிய்ந்து, பின்பக்கம் சோற்றுப்பசை தடவிக் காகிதம் ஒட்டியிருந்தது. "கிணத்தடியில நாலு தென்னை நிண்டது தம்பி, இப்ப இருக்குதோ தெரியாது" என்றார். அந்தக் கிணறு தூர்ந்துபோயிருக்கலாம், காணியில் வேறு யாராவது குடியிருக்கலாம். அங்கே ஒருவர் பத்து வருடம் தட்டிக் கேட்க ஆளில்லாமல் ஒரு காணியை ஆண்டுவிட்டால் உரிமை கோர முடியும் என்று சட்டம் இருக்கிறது. போய் இறங்கிய பிறகு இது தெரிந்தால் அந்தப் பாட்டி எங்கே போவார்? அதனால் கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள சட்டத்தரணி (வக்கீல்) ஒருவர் மூலம் காணிப் பதிவைப் பார்த்து, கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, மிதிவெடி அகற்றிய பகுதிதானா என்றும் விசாரிக்க வேண்டும். இலங்கையின் வடக்கே முகமாலை மாதிரியான இடங்களில் வெடி அகற்றும் வேலை போர் முடிந்தும் பல வருடங்கள் நடந்தது.

அடுத்தது பிள்ளைகளின் பேப்பர். இங்கே பிறந்த குழந்தைக்கு நம் ஊர் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் இலங்கைக் குடியுரிமை. ஒவ்வொரு தடவையும் காட்பாடியில் ரயிலேறிப் போய்வர வேண்டும். ஒரு கடிதம் குறைந்தால் மறுபடியும் போக வேண்டும், அன்றைய கூலியும் போய்விடும். முன்பு அவசரமாகக் கிளம்பிப் போன ஒரு குடும்பத்தில் கடைசிப் பெண்ணுக்குப் பதிவு முடியவில்லை. அங்கே அடையாள அட்டை எடுக்கும் வயது வந்ததும் அவள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அன்றைக்கே நாங்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கஷ்டம் வந்திருக்காது என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழியாகத் திரும்புகிறவர்களுக்குப் பயணச் செலவும் ஒரு சிறு தொகையும் கிடைத்து வந்திருக்கின்றன. அது தகரக் கூரை போட்டு, கிணறு இறைத்து, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பிடப் போதாது. நாங்கள் திரட்ட நினைப்பது 3,30,000 ரூபாய், குடும்பத்துக்கு 30,000. காணி விசாரணை, தூதரகப் போக்குவரத்து, சான்றிதழ் நகல்கள் போக மீதியை அங்கே இறங்கியபின் அவர்கள் கையில் கொடுப்போம். பிள்ளைகளின் படிப்பு கெடாமல் இருக்க, ஆண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான் பயணம். கடைசி நிமிடத்தில் ஒரு குடும்பம் மனம் மாறி இங்கேயே இருக்கிறோம் என்றால் அதுவும் சரிதான். செலவான பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம், மீதி அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதாமாதம் முகாம் வாசலில் ஒட்டுவோம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பழைய பெட்டி, நல்ல தார்ப்பாய், குடம், விதை எல்லாம் உதவும். வக்கீல்கள், நிலப் பதிவு வேலை தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து உட்கார்ந்தால் அது பணத்தைவிடப் பெரிய உதவி. ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் ஆட்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது இரண்டு நிமிடம் நின்று பேசுங்கள். அந்தப் பாட்டியின் காணி உறுதி நகலும் அவர்கள் கையில் இருக்கும், பாட்டி சம்மதித்துக் கொடுத்ததுதான்.

இப்படிக்கு,
ஊர் திரும்புவோர் உதவிக் குழுவினர்,
வேலூர்