ஆக்ராவில் ஆறரை மணி நேரம்: பயண நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: டெல்லி - ஆக்ரா - காசி குடும்ப ரயில் பயணத்தில் வந்த வாடிக்கையாளர், திருச்சி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆக்ரா நாள் திட்டத்தில் இருந்த தவறுகள், கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தருதல் குறித்து.

ஐயா / அம்மையீர்,

பெரியவர்கள் ஐந்து பேர், பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருவர் என ஏழு பேருக்கு நீங்கள் கொடுத்த பயணத் திட்டத்தில், காலை 9.15க்கு ஆக்ரா கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு வருகை, மாலை 3.40க்குக் காசி ரயில், இடையில் தாஜ் மகால் "உட்புற தரிசனத்துடன்", பிறகு ஆக்ரா கோட்டை என்று இருந்தது. தாஜ் வளாகத்துக்குள் எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். கோட்டையை வேன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.

ரயில் 40 நிமிடம் தாமதம். அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. டிசம்பர் பனிமூட்டத்தில் டெல்லிப் பக்கத்து ரயில் நேரத்துக்கு வந்தால்தான் அதிசயம். ஆனால் அந்த மாதத்தில் பயணம் விற்பவர், அந்தத் தாமதத்துக்கு இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும்.

முதல் தவறு, காசி ரயில் கன்டோன்மென்டிலிருந்து அல்ல, துண்ட்லாவிலிருந்து. துண்ட்லா ஆக்ராவுக்குக் கிழக்கே, யமுனைக்கு அந்தப் பக்கம், சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது. கன்டோன்மென்ட் ஊரின் மேற்கில். தாஜ் இரண்டுக்கும் நடுவில். நீங்களோ பெட்டிகளைக் கன்டோன்மென்ட் க்ளோக் ரூமில் போடச் சொன்னீர்கள். பூட்டில்லாத பையை அங்கே எடுக்க மாட்டார்கள், பயணச்சீட்டும் காட்ட வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், மூன்று துணிப்பைகளுக்குப் பூட்டும் சங்கிலியும் வெளியே போய் வாங்கி வர 35 நிமிடம் போனது. திரும்பும்போது தாஜிலிருந்து மேற்கே போய்ப் பெட்டிகளை எடுத்து, மறுபடி ஊரைக் கடந்து கிழக்கே போக வேண்டியிருந்தது. வேன் டிரைவருக்கு நீங்கள் கொடுத்திருந்த டியூட்டி கன்டோன்மென்டோடு முடிந்துவிட்டது. துண்ட்லாவுக்கு டாக்ஸி பிடித்தோம், ரூ.1,800. 3.25க்குப் பிளாட்பாரம், 3.40க்கு ரயில்.

பெட்டிகளை வேனிலேயே வைத்துக்கொண்டு, தாஜ் பக்கத்து ஷில்ப்கிராம் பார்க்கிங்கிலிருந்து நேரே துண்ட்லாவுக்கு விட்டிருந்தால், க்ளோக் ரூமில் போன 35 நிமிடத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தாலே தெரிகிற விஷயம்.

இரண்டாவது, நுழைவுச்சீட்டு. இந்தியர்களுக்கு வளாகத்துக்கு ரூ.50, பளிங்குக் கல்லறை மாடத்துக்குள் போக 2018 டிசம்பரிலிருந்து தனியாக ரூ.200. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமே இல்லை. உங்கள் ரசீதில் "நுழைவு: 7 பேர் × 250 = 1,750" என்றிருக்கிறது. எங்கள் கையில் வந்தவை ஐந்து ஐம்பது ரூபாய்ச் சீட்டுகள், அதாவது ரூ.250. மேடைப் படிக்கட்டில் காவலர் சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். எழுபது வயதைத் தாண்டிய இருவர் அவ்வளவு தூரம் வந்து, கீழே சிவப்புக் கல் தளத்திலேயே நின்றார்கள்.

மூன்றாவது, நீங்களே கொடுத்த சிற்றுண்டிப் பொட்டலங்கள். உணவுப் பொருளைத் தாஜ் வாசலில் அனுமதிப்பதில்லை. ஆண், பெண் தனித்தனி வரிசையில் சோதனை நடக்கும்; அங்கே ஏழு பொட்டலங்களும் பிடிபட்டன. வெளியே வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றோம். பெட்ரோல், டீசல் வண்டிகள் வாசல்வரை போக முடியாது, பேட்டரி வண்டிக்கு மாற வேண்டும் என்பதும் உங்கள் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. முட்டிவலிக்காரர்களை அழைத்து வருபவர்களுக்கு இது அவசியமான தகவல். 11.10க்கு பார்க்கிங்கில் இறங்கி, 12.15க்கு உள்ளே போனோம். அன்று சனிக்கிழமை, முதல் நாள் வெள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் கூடும் என்பது தெரிந்ததுதானே.

வெள்ளி என்றதும் இன்னொன்று. உங்கள் துண்டுப்பிரசுரத்தில் அடுத்த இரண்டு குழுக்களுக்கு ஆக்ரா நாள் வெள்ளிக்கிழமை விழுகிறது. அன்று தாஜ் பார்வையாளர்களுக்குத் திறக்காது. தேதியை மாற்றுங்கள். முடியாதென்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட்டு, ஆக்ரா கோட்டை, இத்மாத் உத் தௌலா கல்லறை, மெஹ்தாப் பாக் தோட்டம் என்று போடுங்கள். மெஹ்தாப் பாக்கில், யமுனைக்கு அந்தப் பக்கம் நின்று தாஜின் பின்புறத்தை முழுதாகப் பார்க்கலாம். பின்னிரண்டும் ஆற்றுக்கு அந்தக் கரையிலேயே இருப்பதால் துண்ட்லா போகவும் வசதி.

நாங்கள் கேட்பது: நுழைவுச்சீட்டில் கூடுதலாக வாங்கிய ரூ.1,500, டாக்ஸிக்கான ரூ.1,800, ஆக மொத்தம் ரூ.3,300, நடக்காத கோட்டைப் பார்வைக்கு நீங்கள் வசூலித்த தொகை தனி. பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுப்போம்.

இணைப்பு: உங்கள் ரசீது, பயணத் திட்டம், ஐந்து நுழைவுச்சீட்டுகள், க்ளோக் ரூம் சீட்டு, டாக்ஸி ரசீது ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்