வயிற்றுச் சவ்வு எத்தனை வருஷம் தாங்கும்? மல்லிகாவுக்கு எழுதியது

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாயிற்றா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே. இங்கே புரட்டாசி நடக்கிறது. திருச்சியில் நாம் சனிக்கிழமை மட்டும்தான் பார்த்திருப்போம். இங்கே மற்ற மாதமெல்லாம் கறியும் மீனும் தின்கிற வீடுகள்கூட மாசம் முழுக்கச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடும். எங்கள் தெருவே பருப்பு வாசனையில் இருக்கிறது.

அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும் என்று படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆனால் வயிற்று டயாலிசிஸ் என்று முடிவெடுத்தது நல்லதாகத்தான் படுகிறது. இவருக்கும் சில வருஷமாக அதுதான். கிட்னி செய்ய வேண்டிய வேலையை வயிற்றின் உட்பக்கச் சவ்வே வடிகட்டி மாதிரி செய்கிறது. வீட்டிலேயே நாளுக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் வழியாக வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் மாற்றுகிறோம். வேலை, கோயில், கல்யாணம் எதுவும் நிற்கவில்லை. நீ கேட்ட கேள்விதான் கஷ்டமானது: “சவ்வு எத்தனை வருஷம் தாங்கும்?” டாக்டர் போகப் போகப் பார்க்கலாம் என்றாராம். வருஷக் கணக்கை என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதி நம் அடுப்படியிலும் நம் கையிலும் இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன்.

லேபில் தவளையின் குடலைத் தாங்குகிற மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? தரையில் பாவிய ஓடு மாதிரி ஒற்றை அடுக்காகத் தட்டைச் செல்கள் இருக்கும். அதே செல்கள்தான் நம் வயிற்றின் உட்பக்கத்தையும் போர்த்தியிருக்கின்றன. மீசோதீலியல் செல்கள் என்று பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் இணைப்புத் திசு, அதில் நுண்ணிய ரத்தக் குழாய்கள். பையிலிருந்து இறங்கும் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது. அந்தச் சர்க்கரைதான் ரத்தத்தில் மிச்சமாக இருக்கிற நீரை இழுக்கிறது. கழிவு தானாகவே கசிந்து வந்துவிடும்.

இங்கே எங்களுக்கு வரும் பைகளில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அடையாளம் போட்டிருக்கும். மஞ்சளில் 1.5 சதவீதச் சர்க்கரை, பச்சையில் 2.5, சிவப்பில் 4.25. கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் சிவப்பு. அன்றைக்கு உடம்பு நன்றாக இறங்கிவிடும். கோளாறும் அங்கேதான் ஆரம்பம். அவ்வளவு சர்க்கரையில் நாள் முழுக்க ஊறுவது அந்தச் செல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அதுவும் போதாதென்று, தண்ணீரைச் சூடாக்கிக் கிருமி நீக்கும்போது சர்க்கரையில் ஒரு பங்கு சிதைந்து வேறு நச்சுப் பொருள்களாகிறது. சர்க்கரை கருகிவிடாமல் இருக்கத் தண்ணீரை அமிலமாக வைத்திருப்பார்கள். பிஎச் என்கிற அளவு குறையக் குறைய அமிலம் கூடுதல். நம் ரத்தத்தின் பிஎச் 7.4, பழைய ரகப் பைத் தண்ணீரில் 5.5 சுமார்தான்.

இப்படி வருஷக்கணக்கில் அடிபட்டால் செல்கள் சும்மா செத்துப்போவதில்லை, குணமே மாறிவிடுகின்றன. ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்த பிடியை விட்டு, கீழ்த் திசுவுக்குள் இறங்கி, தழும்பு போடுகிற செல்களாகிவிடுகின்றன. ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் 2003இல் நோயாளிகளின் வயிற்றிலிருந்து வெளியே வந்த தண்ணீரிலேயே அப்படி மாறிய செல்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். சவ்வு தடிக்கிறது, புதுசு புதுசாக ரத்தக் குழாய் முளைக்கிறது. குழாய் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. குழாய் கூடக் கூட, இறக்கிய சர்க்கரை சட்டென்று ரத்தத்துக்குள் போய்விடும், நீரை இழுக்க ஆளிருக்காது. நீர் வரவில்லையே என்று சர்க்கரை கூடின இன்னும் கெட்டியான பையைப் போடுவோம், அது சவ்வை இன்னும் கெடுக்கும். இந்தச் சுழலில் மாட்டாமல் இருப்பதுதான் முழு வித்தையும்.

அதனால் எனக்கு முதல் எதிரி உப்பு. உப்பு தின்றால் தாகம், தாகத்தில் தண்ணீர், தண்ணீரை இறக்கச் சிவப்புப் பை. இவருக்கு மாங்காய் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. இந்த ஊர் ஊறுகாயில் எண்ணெய் மிதக்கும், உப்போ சொல்லவே வேண்டாம். பாட்டிலை அலமாரியிலிருந்தே தூக்கிவிட்டேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது எலுமிச்சையும் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் தட்டி வைத்தால் சரியாகிவிடுகிறது. தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். சிவப்புப் பை மாசத்தில் ஒன்றோ இரண்டோதான் பிரிக்கிறோம்.

புரட்டாசியில் இன்னொரு தலைவலி. வெளியே வரும் தண்ணீரோடு நாளுக்கு 5 முதல் 10 கிராம் வரை புரதமும் போய்விடும். இவரோ முட்டையும் மீனும் தொடமாட்டேன் என்கிறார். டயட்டீஷியனம்மாவும் நானும் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் பன்னீரிலும் சோயாவிலும் பருப்பிலும் சமாதானமானோம். உப்பு இருப்பதால் அப்பளம் மட்டும் கிடையாது.

இரண்டாவது எதிரி கிருமி. வயிற்றுக்குள் ஒரு தடவை சீழ் பிடித்தால், வருஷக்கணக்கில் சர்க்கரை செய்கிற கெடுதியை அது சில நாளிலேயே செய்துவிடும். செல் அடுக்கு உரிந்தே போய்விடும். ஜன்னலைச் சாத்து, ஃபேனை நிறுத்து, மாஸ்க் போடு, பையின் தேதியைப் பார், நசுக்கிப் பார்த்து ஒழுகுகிறதா என்று பார், கையை நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி நன்றாகத் துடைத்துக் காய வை. ஈரக் கையோடு குழாய் முனையைத் தொடவே கூடாது. வெளியே வந்த பைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். மங்கலாக இருந்தால் அந்தப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. காலையில் பார்க்கலாம் என்று இருக்காதே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே பல இடங்களில் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது. அப்போது குடிக்க வைத்திருந்ததைவிடக் கை கழுவ வைத்திருந்த குடத்தைத்தான் நான் பத்திரமாகக் காத்தேன்.

சிறுநீர் கொஞ்சமாவது போகிறவரை அதையும் காப்பாற்றுங்கள். அது போகிறவரை கெட்டிப் பை அதிகம் தேவைப்படாது. மூட்டுவலிக்கு அண்ணன் கடையில் தானே மாத்திரை வாங்கிப் போடுகிற பழக்கத்தை நிறுத்தச் சொல். புரூஃபன் மாதிரி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கிட்னியையும் தின்றுவிடும்.

இனி நீ கேட்ட புது மருந்துகள். இரண்டு அறையுள்ள பைகள் வந்திருக்கின்றன. சர்க்கரையைத் தனி அறையில் வைத்துச் சூடாக்கி, வயிற்றில் இறக்குவதற்குச் சற்று முன்புதான் கலப்பார்கள். நச்சும் குறைவு, அமிலமும் இல்லை. அண்ணனுக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார். எங்களுக்கு வருவது பழைய ரகம்தான். இரவு முழுக்க நிற்கிற தண்ணீருக்குச் சர்க்கரைக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் என்று மாவுச்சத்திலிருந்து எடுத்தது ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் ஒன்றை மறக்காதே. சர்க்கரை பார்க்கிற சில மெஷின்கள் அதிலிருந்து உண்டாகிற மால்டோஸையும் சர்க்கரை என்று எண்ணிவிடும். உண்மையில் சர்க்கரை 60 என்று இறங்கியிருக்கும்போதும் அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. அண்ணனுக்குச் சுகர் இருப்பதால் மெஷின் ஒத்துவருமா என்று முதலிலேயே கேட்டுவிடு.

வியன்னாவில் ஒரு குழு அலனைல் குளுட்டமின் என்ற பொருளைத் தண்ணீரில் சேர்த்து நோயாளிகளிடம் சோதித்தது. வெளியே வரும் தண்ணீரில் சிஏ 125 என்ற அளவு கூடியதாம், மீசோதீலியல் செல்கள் நலமாக இருப்பதற்கு அது அடையாளம். அங்கேயே 2022இல், கொஞ்சூண்டு லித்தியம் சேர்த்தால் செல்கள் குணம் மாறுவது குறைகிறது என்று எலிகளில் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டுக்கு வரும் பைக்குள் அது எப்போது வருமோ. அதுவரை ஊறுகாய் பாட்டிலைப் பூட்டி வைப்பதே என் மருந்து.

இவ்வளவு பிடிவாதமாக நான் இருப்பதற்குக் காரணம் இந்த ஊர். சவ்வு கெட்டுப்போனால் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்கிற மெஷின் டயாலிசிஸுக்குத்தான் மாற வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு இடம் குறைவு. இதே டர்பனில் சூப்ரமணி என்பவர் தனக்கு டயாலிசிஸ் தர வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனார். 1997 நவம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வசதி குறைவாக இருக்கும்போது யாருக்குக் கொடுப்பது என்று ஆஸ்பத்திரி விதி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கொஞ்ச நாளிலேயே அவர் இறந்துபோனார். இங்கே வயதானவர்கள் இன்னும் அதைப் பேசுவார்கள். தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

சரி, போதும். பேரன் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறான், ‘ழ’ மட்டும் வர மாட்டேன் என்கிறது. ஹாஸ்டல் வார்டன் அக்கா நலமா என்று விசாரித்து எழுது.

அப்புறம், அண்ணனுக்கு ஆரம்பித்த ஒரு மாதத்துக்குப் பிறகு பெட் டெஸ்ட் என்று ஒன்று எடுப்பார்கள். நாலு மணி நேரம் தண்ணீரை வயிற்றில் நிறுத்தி, சவ்வு சர்க்கரையை வேகமாக உள்ளே விடுகிற ரகமா, மெதுவாக விடுகிற ரகமா என்று பார்ப்பது. வேகமான ரகமானால் தண்ணீரை அதிக நேரம் நிறுத்த வேண்டாம் என்பார்கள். அந்த முடிவு வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சரோஜா